மாடி மாடியாக ஏறிய சோலார் டாங்கி

புதிதாகச் சேர்ந்திருக்கும் நான்கு பேருக்கும் வணக்கம்.

வேலையை விட்டுப் போகிறவர் தன் அனுபவத்தை எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது நம் அலுவலக வழக்கம். எனக்கு வயது முப்பத்து நான்கு. இந்த வயதில் ஓய்வு பெறுகிறவர்கள் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள்தான். நான் ஓய்வு பெறவில்லை, மேலே படிக்கப் போகிறேன் என்று எத்தனை தடவை சொல்லியும் கேளாமல், போன வெள்ளிக்கிழமை கேன்டீனில் எனக்குச் சால்வை போர்த்திவிட்டார்கள். சால்வை போர்த்தப்பட்டவன் நாலு வார்த்தை சொல்லாமல் எழுந்து போக முடியாது. ஆகவே கேளுங்கள். சீக்கிரம் முடித்துவிடுகிறேன். எதையும் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பதுதான் என் வியாதி, அந்த வியாதியைப் பற்றியதுதான் இந்தக் கதையும்.

முதல் சிக்கல், நம் வேலை என்னவென்று வீட்டில் சொல்வது. புவி சூடேறுவதைக் குறைக்க அரசு ஒரு திட்டம் போடும். அதனால் ஊரில் உண்மையாகவே ஏதாவது மாறியிருக்கிறதா, மாறினது நிற்குமா, இல்லை அரசு முகத்தைத் திருப்பியதும் பழையபடி ஆகிவிடுமா என்று நாம் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். என் அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாங்க தோண்டினா கல்லு வரும், அதுல கொஞ்சம் தங்கமும் வரும். நீ தோண்டினா இன்னாடா வரும்?" என்றார். "ரிப்போர்ட் வரும்பா" என்றேன். அம்மா அக்கம்பக்கத்தில் நான் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலையில் இருப்பதாகச் சொல்லிவைத்தார். அதற்காவது ஒரு மரியாதை இருந்தது.

நான் சொல்லப்போவது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருடங்களில் நடந்தது. அப்போது பெங்களூரின் ஒரு பகுதியில் ஒரு புது விதி வந்திருந்தது. எந்த அலுவலகத்தின் விதி என்பது இப்போது வேண்டாம். புது வீட்டுக்குக் கரன்ட் வேண்டுமானால் மாடியில் வெந்நீருக்கு சோலார் ஹீட்டர் இருக்க வேண்டும். காரணம் நல்ல காரணம். காலை ஆறு மணிக்கு பெங்களூரு மொத்தமும் குளிக்கிறது. அத்தனை கீசரும் ஒரே நேரத்தில் சூடேற, எங்கோ ஓர் அனல் மின் நிலையத்தில் நிலக்கரி கூடுதலாக எரிகிறது. வெந்நீரை வெயில் போட்டுக் கொடுத்தால் அவ்வளவும் மிச்சம்.

விதி வந்து இரண்டு வருடம் ஆனதும் வேலை நம் அலுவலகத்துக்கு வந்தது. மூன்று கேள்விகள். வைத்தார்களா? பயன்படுத்துகிறார்களா? நாளைக்கே விதியை எடுத்துவிட்டாலும் வைத்துக்கொள்வார்களா? மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால் மாநிலம் முழுக்க இந்த விதி போகும், 'இல்லை' என்றால் கிடப்புக்குப் போகும். எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. நான் அப்போது ஒரு வருடத் தற்காலிகப் பணியில் இருந்தேன். தனியாகச் செய்யும் இந்த முதல் ரிப்போர்ட் சரியாக வந்தால் பணி நிரந்தரம். வராவிட்டால் அம்மா சொன்னது பலித்து மீட்டர் ரீடிங்குக்கே போக வேண்டியதுதான்.

அடுகோடி, விவேக் நகர், ஜோகுபாளையம் மூன்றிலுமாக இருபது புது வீடுகளைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கு மூன்று வாரம் ஒதுக்கியிருந்தார்கள். இருபது மாடியைப் பார்க்க மூன்று வாரமா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பறவை பார்க்கும் நண்பனிடம் பைனாகுலர் வாங்கிக்கொண்டு, அடுகோடியில் கட்டி முடிக்காத ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தின் மேல் விடியற்காலையிலேயே ஏறிவிட்டேன். ஏழு வீட்டைக் கால் மணி நேரத்தில் முடித்தேன். எட்டாவது வீட்டைத் தேடும்போது பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏய்! எவன்டா அவன், காலங்காத்தால பைனாகுலர் வச்சினு பாக்கறவன்?"

அரை மணி நேரத்தில் நான் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தேன். ஹெட் கான்ஸ்டபிள் கன்னடக்காரர். என் சட்டைப் பையில் பேனாவைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் மரியாதையாகவே ஆரம்பித்தார்.

"ஏனப்பா, ஓதின பையன் மாதிரி இருக்கே. மேல நின்னு என்னத்த பாத்தே?"

"சோலார் ஹீட்டர் சார்."

"அது எங்க இருக்குது?"

"மாடியில சார். பாத்ரூமுக்கு நேர் மேல."

"காலைல ஆறு மணிக்கு எதுக்கு பாக்கணும்?"

"அப்பத்தான் சார் எல்லாரும் குளிப்பாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். புகார் கொடுக்க வந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். "கேட்டீங்களா சார்? அவன் வாயாலயே சொல்லிட்டான்!"

கேட்ட கேள்விக்கு அவ்வளவு துல்லியமாக அதற்கு முன்னும் பின்னும் நான் பதில் சொன்னதில்லை. எங்கள் அலுவலகத் தலைவர் வந்துதான் என்னை மீட்டார். அவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். கன்னடக்காரர். சாதாரணமாக என்னிடம் இங்கிலீஷில் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறுவார், ஒரு சொல்கூட எனக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்று. திரும்பும் வழி முழுக்க ஆட்டோவில் தமிழ்தான்.

"இனிமே சொல்லாம ஒரு வீட்டுக்கும் நீ போகக் கூடாது. முன்னாடியே லெட்டர் போடு. என்னிக்கு வர்றே, எத்தனை மணிக்கு வர்றே, என்னத்த பாக்கப் போறே, எல்லாத்தையும் எழுது. மரியாதையா எழுது. பைனாகுலர்ன்ற வார்த்தை என் காதுல விழக் கூடாது."

எழுதினேன். கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும், தேதி நேரத்தோடு. 'எமது அலுவலர் தங்கள் மாடிக்கு வந்து சோலார் ஹீட்டரைப் பார்வையிட்டுப் புகைப்படம் எடுப்பார்.' இருபது உறைகளையும் நானே தபால் பெட்டியில் போட்டேன். ஸ்டேஷனில் உட்கார்ந்தவன் எவ்வளவு ஒழுங்கானவனாக ஆகிவிடுகிறான் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு நாளைக்கு இரண்டு வீடு வீதம் பத்து நாள். அப்படி ஒரு வரவேற்பை நான் கண்டதே இல்லை. காபி, பிஸ்கட், ஒரு வீட்டில் கேசரி. ஒவ்வொரு மாடியிலும் துடைத்து வைத்த டாங்கி. அடுகோடியில் ஒரு வீட்டுக்காரர் வியர்த்து விறுவிறுத்து நின்றார். "இப்பத்தான் சார் ஏத்தினோம்" என்றார். "எதை?" என்றேன். அவர் மனைவி முந்திக்கொண்டு "பால, அடுப்புல" என்றார்.

ஜோகுபாளையத்தில் சரோஜாம்மா என்று ஒருவர். கணவர் ரயில்வேயில் வேலை, வீடு அந்த அம்மாவின் ராஜ்ஜியம். நான் படம் எடுக்கக் கொஞ்சம் நெருங்கியதும் கையை நீட்டித் தடுத்தார்.

"மெதுவா தம்பி. சாஞ்சிடப் போவுது."

"இறுக்கிக் கட்டலையாம்மா?"

"பாத்தா போதும் இல்ல? தொட்டு இன்னா பண்ணப் போறீங்க?"

நான் குறிப்பில் எழுதிக்கொண்டேன்: 'பயனாளி கருவியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்.' அந்தக் காகிதம் இன்னும் கோப்பில் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். சிரிப்பதாக இருந்தால் நான் போன பிறகு சிரியுங்கள்.

அன்று அந்தத் தெருவிலிருந்து வெளியே வரும்போது முனையில் ஒரு லக்கேஜ் ஆட்டோ நின்றிருந்தது. பின்னால் கயிறும் கோணிப்பையும். ஓட்டுநர் என்னைக் கூப்பிட்டு விவேக் நகரில் ஒரு விலாசத்துக்கு வழி கேட்டார். நான் அடுத்த நாள் காலை போக வேண்டிய வீடு அது. எனக்குத் தெரிந்த விலாசம் என்ற உற்சாகத்தில், சிக்னலைத் தவிர்த்துக் குறுக்கே போகும் வழியைக்கூட விளக்கிச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மாலை வரைவு ரிப்போர்ட் தயார். முதல் கேள்விக்கு, எல்லா வீட்டிலும் இருக்கிறது. இரண்டாவதற்கு, பராமரிப்பே பயன்பாட்டுக்குச் சாட்சி. மூன்றாவதற்கு, முழுமையான, நிலையான மாற்றம். 'மக்களின் வாழ்க்கை முறையே மாறிவிட்டது' என்று ஒரு வரியும் சேர்த்தேன். மேடம் நின்றபடியே படித்துவிட்டு, திங்கட்கிழமை பத்து மணிக்கு வரப்போகும் அதிகாரியைப் போனில் கூப்பிட்டு, முடிவு மிக நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். என் நிரந்தர ஆர்டர் டைப் ஆகி, கையெழுத்துக்காக அவர் மேசையில் இருந்தது. நான் தலைகீழாகவே அதைப் படித்துவிட்டேன்.

அப்போது பிலிம் கேமராதான். படங்கள் கழுவி வந்தது சனிக்கிழமை. அட்டைக்கு ஒரு நல்ல படம் பொறுக்கலாமென்று இருபதையும் மேசையில் பரப்பினேன். ஒன்றில் டாங்கியின் வலது ஓரம் நெளிந்திருந்தது. நெளிவுக்குக் கீழே நீலப் பெயிண்ட் சொட்டி, பல்லி வாலை வளைத்த மாதிரி காய்ந்திருந்தது. இது அட்டைக்கு ஆகாது என்று ஒதுக்கினேன். அடுத்ததிலும் பல்லி. அதற்கடுத்ததிலும். ஏதோ ஒரு கம்பெனி எல்லா டாங்கியையும் இப்படித்தான் செய்கிறதாக்கும் என்று ஒரு நிமிடம் நம்பினேன். உண்மையாகவே நம்பினேன். மனதுக்குப் பிடித்த முடிவை எழுதி முடித்த பிறகு மூளை அதற்காக எவ்வளவு கூலி இல்லாமல் உழைக்கும் என்பதை அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துகொண்டேன்.

எண்ணினேன். பதினோரு பல்லி.

மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் சரோஜாம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் முகத்தில் கோபம்தான் முதலில் வந்தது.

"இன்னா தம்பி இது? லெட்டர் எங்க?"

"லெட்டர் இல்லம்மா. மாடியைப் பார்க்கணும்."

"இன்னிக்கா? இன்னிக்கு மாடியில ஒண்ணுமில்லியே."

"அதைத்தான் பார்க்கணும்."

மாடியில் நான்கு செங்கல்லும் ஒரு ஈரச் சேலையும் இருந்தன.

"எங்கம்மா அது?"

"அதுக்கு எத்தினி வீட்டுக்குப் போவணும், பாவம். இங்கியே உக்காந்துனு இருக்க முடியுமா?" ரவுண்ட்ஸ் போகும் டாக்டரைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். "வீட்டைக் கட்டி முடிக்கச் சொல்லோ கையில இன்னா இருக்கும்? கரன்ட் குடுக்க வந்தவங்க மாடியைப் பாக்கணும்னாங்கோ, காட்டினோம். அப்புறம் நீங்க பாக்கணும்னு எழுதினீங்கோ, மறுபடியும் காட்டினோம். குழாயில சுடுதண்ணி வருதான்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேக்கல. கேக்காத கேள்விக்கு நான் இன்னாத்துக்கு பதில் சொல்லணும்?"

பத்து நாளில் யாரும் என் வேலையை இவ்வளவு சரியாக மதிப்பிட்டதில்லை. டாங்கி யாருடையது என்று கேட்டேன். அடுகோடி பிளம்பர் குமரேசன் என்றார்.

குமரேசனின் கடை பழைய பைப்புகளும் வாஷ் பேசின்களுமாக ஒரு சந்துக்குள் இருந்தது. உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்து நின்றுவிட்டேன். நான் போட்ட கடிதங்கள், பதினொன்று, தேதி வரிசையில் ஆணியில் குத்தியிருந்தன.

"வாங்க சார்! அன்னிக்கு வழி சொன்னீங்களே, நீங்கதானே?" என்றபடி எழுந்தார் குமரேசன். லக்கேஜ் ஆட்டோக்காரரேதான். என் பார்வை சுவரில் இருப்பதைக் கவனித்தார். "அட, லெட்டர் சாரா நீங்க? உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். புதங்கிழமை பத்து மணிக்கு விவேக் நகர், பதினொண்ணரைக்கு ஜோகுபாளையம்னு போட்டுட்டீங்க. மனுசனால ஆவுமா சார்? கழட்டணும், கயிறு கட்டி எறக்கணும், அல்சூரு டிராஃபிக்ல போவணும், மறுபடி ஏத்தணும். என் முதுகு இன்னாத்துக்கு ஆவறது? கொஞ்சம் கேப் விட்டுப் போடக் கூடாதா?"

"மன்னிச்சுக்குங்க" என்றேன். சொல்லிவிட்டுத்தான் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று உறைத்தது. "குமரேசன், நீங்க பண்ணினது மோசடி. நான் இதை எழுதியாகணும்."

அவர் கையிலிருந்த ஸ்பேனரை மெல்ல வைத்தார். "என் பேரையுமா சார்?"

நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

"லைசென்ஸை புடுங்கிடுவாங்கோ சார். அது இல்லாங்காட்டி ஒரு புது வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாது. எனக்கு வேற இன்னா தெரியும்?" குரல் இறங்கிவிட்டது.

"சரி, அந்த டாங்கியைக் காட்டுங்க. படம் எடுத்துக்கறேன்" என்றேன்.

"அதான் சார் பெரிய பேஜார்." அவருக்குச் சட்டென்று உயிர் வந்துவிட்டது. "கடைசியா போனீங்களே, விவேக் நகர்ல கோயில் பக்கத்துல, லூர்து ஆன்ட்டி வீடு. அந்தம்மா டீச்சரு. 'பைப்பையும் மாட்டுய்யா, சார் வந்து குழாயைத் தொறந்து பாத்தா இன்னா பண்றது'ன்னாங்கோ. மாட்டினேன். நீங்க தொறந்தீங்களா?"

"இல்ல."

"நீங்க தொறக்கல சார். அவங்க தொறந்துட்டாங்கோ." நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "நேத்து கழட்டப் போனேன், கதவைத் தொறக்கல. இன்னிக்கும் போனேன். ஜன்னல் வழியா 'போயிட்டு அப்புறம் வாப்பா'ன்றாங்கோ. மாமனாருக்கு முட்டி வலி, ஒரு நாளைக்கு ரெண்டு தபா குளிக்கிறாராம். என் பொருளு சார் அது!"

நான் அங்கேயே ஒரு கவிழ்ந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தேன். என் ரிப்போர்ட் எதைத் தேடி அலைந்ததோ, அது ஜன்னல் வழியாக ஒரு பிளம்பரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. விதியை எடுத்துவிட்டால் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டால் எல்லோரும் 'ஓ, வச்சுக்குவோமே' என்பார்கள். காபி கொடுத்துவிட்டுச் சொல்லும் பதில் அது. எடுத்துக்கொண்டு போக ஆள் வந்து நின்றால் என்ன செய்கிறார்கள் என்பதல்லவா பதில்!

"குமரேசன், நாளைக்கு உங்க வண்டி சும்மா இருக்கா?"

இனி நான் சொல்வதை நீங்கள் செய்யாதீர்கள். இப்போது நம்மிடம் அதற்கென்று படிவமும் அனுமதியும் இருக்கின்றன. அன்று இல்லை. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, நானும் ஸ்பேனரோடு குமரேசனும் கிளம்பினோம். சொந்தமாக ஹீட்டர் வைத்திருந்த ஒன்பது வீடு, கடைசியில் லூர்து ஆன்ட்டி வீடு. ஒவ்வொரு வாசலிலும் ஒரே வசனம்: "விதியை எடுத்துட்டாங்க. சோலாரைக் கழட்டிக்கிட்டுப் போக வந்திருக்கோம்."

"நான் பிளம்பர் சார், திருடன் இல்ல" என்று வண்டியிலேயே முனகினார் குமரேசன்.

"நேத்து வரைக்கும் பண்ணினது?"

"அது வாடகை சார். அது வேற."

முதல் வீட்டுக்காரர் சந்தோஷமாக ஏணியே எடுத்துக் கொடுத்தார். "எடுத்துட்டுப் போங்க சார், துணி உலர்த்த இடமில்லாம அவதிப்படறோம்." இரண்டாம் வீட்டில் டாங்கிக்குள் தண்ணீரே ஏறியதில்லை, பைப் பாதியில் நின்றிருந்தது. அப்படி ஆறு வீடு. ஆறு பேரையும் சமாதானப்படுத்தி, எடுக்க வேண்டாம் என்று மேலிடத்தில் இப்போதுதான் சொன்னார்கள் என்று கதை விட்டு, ஹீட்டரை அங்கேயே விட்டுவிட்டு வருவதற்குள் எனக்கு நாக்கு வறண்டது. மூன்று வீட்டில் மட்டும் வேறு மாதிரி. ஒருவர் கேட்டைப் பூட்டினார். ஒருவர் வக்கீல் தம்பியைப் போனில் கூப்பிட்டார். ஒரு வீட்டில் நாய்க்கு வேலை வந்தது. அந்த மூன்றிலும் பைப் நேரே குளியலறைக் குழாய்க்கு வந்திருந்தது, வீட்டில் எல்லோரும் அதில்தான் குளித்தார்கள்.

லூர்து ஆன்ட்டி சர்ச்சில் பூசை முடிந்து வந்து வாசலில் நின்றார். நான் வசனத்தைப் பாதி சொல்வதற்குள் உள்ளே போனார். போன வேகத்திலேயே ஒரு ஜக்குடன் திரும்பினார். அடுத்த கணம் என் தலையிலிருந்து வெந்நீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்ல சோலார் இருக்குன்னு எழுதிட்டுப் போனது நீங்கதானே? படமும் எடுத்தீங்க, கையெழுத்தும் வாங்கினீங்க. இப்ப இல்லாமப் போகச் சொன்னா எப்படிப் போகும்? ஏன்பா குமரேசா, காசைத் தவணையில வாங்கிக்க. இதுக்கு மேல ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு வந்தே, கோயில்லயே சொல்லிடுவேன்!"

குமரேசன் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "சூடா இருக்குதா சார்?"

பொறுக்கிற சூடு. ஆனால் சந்தேகமில்லாத சூடு. என் பணிக்காலத்தில் கிடைத்த மிகத் தெளிவான ஆதாரம் அதுதான், என் சட்டைக் காலர் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. குமரேசன் வண்டியில் ஏறியதும் சொன்னார், மற்ற பத்து வீட்டில் நான்கு பேர் ஏற்கெனவே லூர்து ஆன்ட்டி வீட்டுக் குழாயைப் பார்த்துவிட்டு வந்து விலை கேட்டுவிட்டார்களாம்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வராந்தாவில் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஹன்னொந்து மனே, ஒந்தே சோலாரா?" என்றார். பதினோரு வீட்டுக்கும் ஒரே சோலாரா என்பதைக் கன்னடத்திலேயே கேட்டார். தமிழுக்கு மாறக்கூட நேரமில்லாத கோபம். பிறகு கண்ணை மூடி, திறந்து, "நான் போன்ல சொன்னதை நான் திரும்ப வாங்கிக்க முடியாது. உள்ள போய் நீயே சொல்லு" என்றார்.

அதிகாரி கம்பீரமானவர். பல்லிப் படங்கள் பதினொன்றையும் சீட்டுக்கட்டு போல மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அப்ப விதி தோத்துப் போச்சா?"

"இல்ல சார். மாடி வரைக்கும் ஏறியிருக்கு, குழாய் வரைக்கும் இறங்கல. குழாய்க்கு வந்த வீட்ல பிடுங்கப் போனா அடிக்க வர்றாங்க."

"அடிச்சாங்களா?"

"வெந்நீர் ஊத்தினாங்க சார்."

மேடம் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதுவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். பரிசோதிக்கப் போகிறவர் மாடியைப் பார்க்காமல் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும், தேதி சொல்லாமல் போக வேண்டும், பைப் இணைப்பு முடிந்தால்தான் விதியை நிறைவேற்றியதாகக் கணக்கு என்றெல்லாம் சொன்னேன். இன்னொரு வருடம் இப்படி நடத்திப் பார்த்துவிட்டுத்தான் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியும், அதற்குள் 'ஆம்' என்பதும் பொய், 'இல்லை' என்பதும் பொய் என்றேன். அதிகாரி கேட்டுக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"அந்த பிளம்பர் யாரு? பேரைச் சொல்லுங்க."

மேடத்தின் கோப்பில் என் ஆர்டர் இன்னும் கையெழுத்தாகாமல் இருந்தது. மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் குமரேசனின் சுவர் கண்ணுக்குள் வந்தது. ஆணியில் குத்தியிருந்ததெல்லாம் என் கையெழுத்து.

"தேதியும் நேரமும் கொடுத்து ஊருக்கே கடிதம் போட்டது நான் சார். அவர் அதைப் பார்த்து வண்டி ஓட்டினார். பேர் வேணும்னா என் பேரை எழுதிக்குங்க."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சா வேற மாதிரி சொல்லிடுவேன் சார்."

அவர் எழுதிக்கொண்டார், என் பெயரைத்தான். எழுத்துப் பிழை இருக்கக் கூடாதென்று என்னிடமே கேட்டு எழுதினார். என் பணி நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. காரணம் என்ற இடத்தில் மேடம் எழுதியது: 'ஆய்வுக்கு முன் அனைவருக்கும் தகவல் தெரிவித்தமை.' கடிதம் போடச் சொன்னதே நீங்கள்தானே என்று நான் கேட்கவில்லை. அந்த அளவுக்காவது என் அவசரம் அப்போது குறைந்திருந்தது.

நம் தொழிலில் யாரையாவது பிடித்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததாக ஒரு திருப்தி வரும். குமரேசனைப் பிடித்துக் கொடுத்திருந்தால் அடுத்த மாதம் இன்னொரு பிளம்பர் இன்னொரு டாங்கியோடு கிளம்பியிருப்பார். மாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் விதி இருக்கும்வரை அந்தத் தொழிலும் இருக்கும். இது எனக்கு இன்று தெளிவாகத் தெரிகிறது. அன்று தெரிந்துதான் சொன்னேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். அன்று எனக்குத் தெரிந்தது அவர் முதுகு வலி மட்டும்தான்.

மூன்று வாரம் கழித்து என் மேசைப் போன் அடித்தது. அதே அதிகாரி. நான் எழுந்து நின்றே பேசினேன்.

"ரிப்போர்ட் பத்தி இல்ல, உக்காருங்க" என்றார். நான் நிற்பது எப்படித் தெரிந்ததோ. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம வீட்டு மாடியிலயும் ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷமா இருக்கு. ரிப்போர்ட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது தப்பாப் போச்சு. என் மிஸஸ் படிச்சுட்டு, எங்க, குழாயைத் தொறந்து காட்டுங்கன்னு நிக்கறாங்க."

"சரிங்க சார்."

"அந்த பிளம்பர் பைப் வேலை நல்லா செய்வாரா?"

"விவேக் நகர்ல போட்டது ரொம்ப நல்லா வேலை செய்யுது சார். நானே பார்த்தேன்."

"அப்ப அவர் பேரைச் சொல்லுங்க."

இந்தத் தடவை சொன்னேன்.